பத்தாவது நகரத்தை எங்கே வைப்பது?

முதலில் அந்தப் புழுவைப் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் அப்புறம்.

மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் ஓல்கோய்-கோர்கோய் என்றொரு புழு இருப்பதாகப் பேச்சு. தலை எது, வால் எது என்று தெரியாத செம்புழு. கிட்டப் போனால் சாவுதான் என்பார்கள். யாரும் பிடித்ததில்லை. சோவியத் காலத்துப் புதைபடிவ அறிஞரும் எழுத்தாளருமான இவான் எஃப்ரெமோவ் 1940களில் அதை வைத்து ஒரு சிறுகதையே எழுதினார். அந்தப் புழு இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? 1999இல் வெளிவந்த ஒரு கணினி விளையாட்டில், ஐந்தாம் நிலைப் படைவீரனாக வேலை பார்க்கிறது! மண்ணுக்கடியில் புகுந்து எதிரியின் காலடியில் எழும்புகிறது. களத்தில் கிடக்கும் பிணங்களைத் தின்று தெம்பேற்றிக்கொள்கிறது.

அதை வேலைக்கு எடுத்தவர்கள் எந்தக் கம்பெனிக்காரர்களும் அல்லர். ரசிகர்கள். சம்பளம் கிடையாது. பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசும் ஒரு குழு. எஃப்ரெமோவின் கதையைச் சின்ன வயதில் படித்த யாரோ ஒருவர்தான் புழுவின் பெயரை முன்மொழிந்திருப்பார் என்பது என் ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள்.

விளையாட்டின் பெயர் ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’. நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் என்ற அமெரிக்க நிறுவனம் செய்தது. நீங்கள் ஒரு முறை, நான் ஒரு முறை என்று மாறி மாறி ஆடும் வியூக ஆட்டம். ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு வகை நகரம்; நகரத்துக்கு ஏழு நிலைப் படைகள்; ஒவ்வொரு படைக்கும் ஓர் அப்கிரேடு. கோட்டைக்காரர்களுக்குத் தேவதைகள், நரகக்காரர்களுக்குப் பேய்கள், சுடுகாட்டுக்காரர்களுக்கு எலும்புக்கூடுகள். தொடக்கத்தில் எட்டு நகரங்கள். அதே ஆண்டு வந்த ‘அர்மகெடான்ஸ் பிளேடு’ என்ற விரிவாக்கத்தில் ஒன்பதாவதாக ‘கான்ஃபிளக்ஸ்’. அத்தோடு சரி. 2003இல் தாய் நிறுவனமான 3டிஓ திவாலாகி, மொத்தத் தொடரின் உரிமையும் 13 லட்சம் டாலருக்கு யூபிசாஃப்டின் கைக்குப் போனது. மூன்றாம் பாகம் பெட்டிக்குள் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ரசிகர்கள் மட்டும் நினைக்கவில்லை. ‘ஹார்ன் ஆஃப் தி அபிஸ்’ என்று பெயர் வைத்து, செல்லமாக ‘ஹோட்டா’ என்று கூப்பிட்டு, 2011 டிசம்பர் 31 அன்று ஒரு விரிவாக்கத்தை வெளியிட்டார்கள். பத்தாவது நகரம் வந்தது: ‘கோவ்’, கடற்கொள்ளையரின் துறைமுகம். பிறகு சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2023இல், அதே டிசம்பர் 31ஆம் தேதி பதினொன்றாவது நகரம் ‘ஃபேக்டரி’. புத்தாண்டுப் பரிசாம்! ஒரு நகரத்துக்குப் பன்னிரண்டு வருடமா என்று கேட்பவர்கள் தயவுசெய்து கீழே படிக்கவும்.

ஆடு புலி ஆட்டம் தெரியும்தானே? மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆடு சூழ்ந்து அடைக்கும். இரண்டுக்கும் காய் வேறு, விதி வேறு, ஜெயிப்பதன் பொருளே வேறு. ஆனாலும் ஆட்டம் நியாயமாக இருக்கிறது. இப்போது அதே கட்டத்தில் மூன்றாவதாக ஒரு நரியைக் கொண்டுவாருங்கள் பார்ப்போம். நரி புலி மாதிரி இருக்கக்கூடாது, ஆடு மாதிரியும் இருக்கக்கூடாது. இரண்டையும் ஜெயிக்க முடிய வேண்டும், இரண்டிடமும் தோற்கவும் வேண்டும். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்கள் ‘இது எங்கள் ஆட்டமே இல்லை’ என்று எழுந்து போகவும் கூடாது. ஹோட்டா குழுவுக்கு இந்தத் தலைவலி ஒன்பது மடங்கு. பத்தாவதாக வருவது மற்ற ஒன்பதோடும் தனித்தனியாக மோதிப் பார்க்க வேண்டும்.

எனவே முதல் வேலை, சுவரில் ஓட்டை தேடுவது. இருக்கிற ஒன்பது பேரும் எதைத் தொடவில்லை?

கடல்! மூல விளையாட்டில் கப்பல் உண்டு, கடலில் மிதக்கும் புதையல் பெட்டி உண்டு, சுழல் உண்டு. ஆனால் கடலையே ஊராகக் கொண்ட தரப்பு இல்லை. கடற்கொள்ளையரைப் புதிதாகக் கற்பனை செய்யவும் வேண்டியிருக்கவில்லை. இதே உலகத்தில் நடக்கும் ‘மைட் அண்ட் மேஜிக்’ கதை விளையாட்டுகளில் ரெக்னா என்ற தீவின் கொள்ளையர்கள் ஏற்கெனவே அட்டகாசம் செய்துகொண்டிருந்தார்கள். வியூக விளையாட்டில் மட்டும் அவர்களுக்கு வீடில்லை. குழு வீடு கட்டிக் கொடுத்தது. இதுதான் கெட்டிக்காரத்தனம்: புதிய தரப்பு வந்து இறங்கியதுபோல் இல்லை, இவ்வளவு நாளும் வரைபடத்தின் ஓரத்தில் நின்றிருந்தவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

இன்னொரு ஓட்டை எண்களுக்குள் ஒளிந்திருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் அடிப்பவரின் தாக்கு எண் வாங்குபவரின் தற்காப்பு எண்ணைவிட அதிகமானால், ஒவ்வொரு புள்ளிக்கும் சேதம் 5 சதவீதம் கூடும். தற்காப்பு அதிகமானால் புள்ளிக்கு 2.5 சதவீதம் குறையும். மூல விளையாட்டில் பெஹிமோத் என்ற ராட்சத மிருகம் எதிரியின் தற்காப்பில் 40 சதவீதத்தைச் செல்லாததாக்கும். அதன் அப்கிரேடு 80 சதவீதத்தை. சரி, இதன் மறுபக்கம்? எதிரியின் தாக்கைச் செல்லாததாக்குகிற படை எங்கே? பன்னிரண்டு வருடமாக அந்த இடம் காலியாகவே கிடந்தது. கோவ் நகரத்தின் ஆறாம் நிலைப் படையான நிக்ஸ் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. சாதா நிக்ஸ் எதிரியின் தாக்கில் 30 சதவீதத்தை விழுங்கும். நிக்ஸ் வீரன் 60 சதவீதம். 40 புள்ளி தாக்கோடு வருகிற சூரனும் அவன் முன்னால் 16 புள்ளிக்காரன்தான். ஒரே ஒரு எண்ணைக் கண்ணாடியில் காட்டியதுபோல் திருப்பிவைத்து ஒரு புது மனிதனையே பிறக்க வைத்திருக்கிறார்கள்.

மற்றவர்களையும் கொஞ்சம் பாருங்கள். கடல் சூனியக்காரி சுட்டால் பெரிதாக வலிக்காது. ஆனால் சுடுவதோடு எதிரியைச் சோர வைக்கும், கவசத்தைக் கரைக்கும் மந்திரங்களையும் போட்டுவிடுவாள். பிறகு வேறொருவர் வந்து அடிக்கும்போதுதான் அவள் செய்த வேலை தெரியும். அய்சிட் என்ற புயற்பறவை ஒரு அடியில் ஒருவரையாவது கொன்றால் உடனே இன்னோர் அடி அடிக்கும். அதற்குத் தின்னக் கொடுக்க வேண்டியது பலவீனர்களைத்தான் என்று ஆடுபவருக்குத் தானாகவே புரியும். ஏழாம் நிலைக் கடற்பாம்பின் அப்கிரேடான ஹாஸ்பிட், தன் கூட்டம் எவ்வளவு அடிவாங்கியதோ அவ்வளவு வெறியோடு திருப்பிக் கொடுக்கும். ஹாஸ்பிடை அரைகுறையாக அடித்துவிட்டு விட்டுவிடுவது தற்கொலைக்குச் சமம். முழுதாக அடி, இல்லாவிட்டால் தொடாதே. இப்படி ஒவ்வொரு படையும் எதிரியிடம் ஒரு கேள்வி கேட்கிறது. நல்ல தரப்பு வடிவமைப்புக்கு இதுதான் அடையாளம் என்பேன்.

கேள்வி கேட்காத தரப்பு எப்படி இருக்கும் என்பதற்கு அதிகாரபூர்வ கான்ஃபிளக்ஸே சாட்சி. ஏழு நிலைகளில் ஐந்து நிலைகள் பூதங்கள்: காற்று, நீர், நெருப்பு, மண், மனம். அவற்றில் நான்கு, மந்திரத்தால் வரவழைக்கும் படைகளாக ஏற்கெனவே விளையாட்டில் இருந்தவை. உச்சியில் ஒரு ஃபீனிக்ஸ், அதன் வேகம் 21. அதைவிட வேகமாகப் பறக்கும் படை அந்த விளையாட்டில் கிடையாது. வலிமைக்குக் குறைவில்லை, ரொம்பவே அதிகம். ஆனால் முகம்? அவசரத்தில் சேர்த்த கூட்டம்போலத்தான் இருக்கும்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. அதுதான் இந்தக் கதையிலேயே சுவையான பகுதி.

1999இல் அந்த ஒன்பதாவது இடம் முதலில் கான்ஃபிளக்ஸுக்கு ஒதுக்கப்பட்டது அல்ல. ‘ஃபோர்ஜ்’ என்ற நகரத்துக்கு. ‘மைட் அண்ட் மேஜிக் 7’ கதைக்கு இரண்டு முடிவுகள் உண்டு; தீயவர்கள் ஜெயிக்கும் முடிவின் தொடர்ச்சியாக, பழங்கால விண்வெளி நாகரிகத்தின் தொழில்நுட்பத்தை வைத்துப் படை திரட்டும் ஊர். மேலே நாகப்பெண், கீழே டாங்கிச் சக்கரம் என்று ஒரு உரு. படங்கள் வெளியானதுமே ரசிகர்கள் கொந்தளித்துவிட்டார்கள். வாளும் மந்திரமும் ஆடுகிற இடத்தில் இயந்திரத் துப்பாக்கியா? வாங்க மாட்டோம், புறக்கணிப்போம்! அந்த உலகத்தில் விண்கலங்களும் கதிர்த் துப்பாக்கிகளும் கதை விளையாட்டுகளில் முன்பே இருந்தன என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்கள் வியூக விளையாட்டு மட்டுமே ஆடியவர்கள். நிறுவனம் பணிந்தது. ஃபோர்ஜ் குப்பைக்குப் போனது. அந்த இடத்தை நிரப்ப ஓடிவந்ததுதான் கான்ஃபிளக்ஸ்.

இப்போது 2023க்கு வாருங்கள். ஃபேக்டரி. பெயரிலேயே ஆலை! இரும்பு மனிதர்கள், கைத்துப்பாக்கிக் கூலிப்படை, மெக்கானிக், நீராவிப் புகை. இருபத்து நான்கு வருடத்துக்கு முன்னால் செருப்பு பறந்த அதே மேடையில், அதே மாதிரி சரக்கு. இம்முறை கைதட்டல்!

எப்படி? எனக்குத் தோன்றுவது இது: படி வைத்து ஏற்றினார்கள். மூல விளையாட்டிலேயே மந்திரவாதிகளின் கோபுர நகரத்தில் கல் மனிதனும் இரும்பு மனிதனும் உண்டு. யாரும் முகம் சுளித்ததில்லை. 2011இல் கோவ் வந்தபோது கூடவே பீரங்கியும் வந்தது. கடற்கொள்ளையனிடம் பீரங்கி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம் என்பதால் வெடிமருந்து சத்தமில்லாமல் உலகத்துக்குள் நுழைந்துவிட்டது. பீரங்கி இருக்கும் உலகத்தில் கைத்துப்பாக்கிக்கு என்ன தடை? அடுத்தது உடை. ஃபோர்ஜ் எதிர்காலத்திலிருந்து வந்தது. ஃபேக்டரி பழைய காலத்திலிருந்து வருகிறது. பித்தளை, மரம், தோல், ஆணி, அமெரிக்க மேற்கத்தியப் படங்களின் தூசி. முதல் நிலைப் படை யார் என்று பாருங்கள்: ஹாஃப்லிங் குள்ளர்கள்! ‘அர்மகெடான்ஸ் பிளேடு’ காலத்திலிருந்தே எந்த நகரத்திலும் சேராமல் அநாதையாகச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள். தெரிந்த முகத்தை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே இயந்திரத்தை ஓட்டுகிறார்கள்.

நிலத்தையும் முன்கூட்டியே தயார் செய்தார்கள் பாருங்கள், அந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு சொந்த மண் உண்டு. அதில் நின்று சண்டையிட்டால் தாக்கு, தற்காப்பு, வேகம் மூன்றிலும் ஒவ்வொரு புள்ளி கூடும். ஹோட்டா ஒரு பதிப்பில் ‘தரிசு நிலம்’ என்று ஒரு புது மண்ணைச் சேர்த்தது. அதைச் சொந்தம் கொண்டாட அப்போது யாரும் இல்லை. ஊரே இல்லாத மண். ரசிகர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். அங்கே குடியேறத்தான் ஃபேக்டரி வந்தது.

ஒரு நகரத்துக்கு ஒரு விதியை மட்டும் உடைப்பது என்பது இவர்களின் இன்னொரு பழக்கம்போலத் தெரிகிறது. எல்லோருக்கும் ஒரே அப்கிரேடு; கோவின் கொள்ளையன் மட்டும் கோர்சேர் ஆகி, அதற்கும் மேல் ‘கடல்நாய்’ ஆவான். எல்லோருக்கும் ஏழாம் நிலையில் ஒரே படை. ஃபேக்டரிக்கு மட்டும் இரண்டு. ஒன்று மெசோஅமெரிக்கப் புராணங்களின் இறகுப் பாம்பை நினைவூட்டும் கௌவாட்ல். சற்று நேரத்துக்கு எந்த அடியும் தன் மேல் படாமல் செய்துகொள்ளும். மற்றது டிரெட்நாட் என்ற நடமாடும் கொதிகலன். அனலை வீசி முன்னால் நிற்பவர்களைப் பொசுக்கும். உயிருக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று. ஆனால் இரண்டையும் நிறையப் படைக்கப் பணம் எங்கே? அங்கேதான் ஆடுபவருக்கு வேர்க்கும்.

ஃபேக்டரியின் மற்ற ஆட்களிடமும் இந்த இரட்டைக் குணம் இருக்கிறது. மெக்கானிக் சண்டையும் போடுவான், பழுதான இரும்புக் கூட்டாளியை நடுக்களத்தில் ரிப்பேரும் செய்வான். ஆட்டோமேட்டன் செத்தால் வெடிக்கும். வேண்டுமென்றே வெடிக்க வைக்கவும் செய்யலாம். பக்கத்தில் நம் ஆள் நிற்கிறானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிக்காரன், எதிரி தன்னைக் குறிவைத்தால் அதற்கு முன்னே சுட்டுவிடுவான், சினிமா பாணியில். எனக்குப் பிடித்தது மூன்றாம் நிலை அர்மடிலோதான். ஓட்டுக்குள் உடம்பை வைத்துக்கொண்டு உருண்டு திரிகிற அதை எதற்காகவும் சாகக் கொடுக்க மனம் வராது.

சரி, பன்னிரண்டு வருடம் எங்கே போனது? பட்டறைக்குள் போவோம்.

மூல விளையாட்டின் படங்கள் எல்லாம் முப்பரிமாண உருவங்களிலிருந்து எடுத்த சின்னச் சின்னத் தட்டைப் படங்கள். ஒரு படைவீரனுக்கு நிற்பது, நடக்கத் தொடங்குவது, நடப்பது, நிறுத்துவது, இடது வலது திரும்புவது, அடிவாங்குவது, தடுப்பது, சாவது என்று அசைவுகள். அடிப்பதில் மட்டும் மேல்நோக்கி, நேராக, கீழ்நோக்கி என மூன்று. சுடுகிறவன் என்றால் சுடுவதற்கும் அப்படியே மூன்று. அத்தனையும் ஒரு கோப்பில், மொத்தம் 256 வண்ணங்களுக்குள் அடங்க வேண்டும். அதிலும் முதல் எட்டு வண்ணங்களைத் தொடக் கூடாது! அவை விளையாட்டின் சொந்த உபயோகத்துக்கு: ஒன்று ஒளி ஊடுருவும் வெற்றிடம், சில நிழலுக்கு, ஒன்று தேர்ந்தெடுத்ததும் உடலைச் சுற்றி மின்னும் மஞ்சள் கோட்டுக்கு. மிச்ச வண்ணங்களில் ஒரு கடற்பாம்பின் செதிலையும் வாய்ச்சிவப்பையும் காட்ட வேண்டும். காட்டியிருக்கிறார்கள்.

நகரத் திரை அதைவிடப் பாடு. 800க்கு 374 பிக்சல் பரப்பில் முழு ஊர். ஆடுபவர் எந்தக் கட்டடத்தை எப்போது எழுப்புவார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எந்த வரிசையில் எது முளைத்தாலும், எது இல்லாவிட்டாலும், ஊர் ஊராகத் தெரிய வேண்டும். நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி தெரியக் கூடாது. அப்கிரேடு கட்டியதும் பழைய கட்டடத்தின் மேல் புதியது கச்சிதமாகப் பொருந்த வேண்டும். முற்றுகை நேரத்துக்கு மதில்கள் வேறு: முழுதாக, உடைந்து, சரிந்து. நகரத்துக்கு இரண்டு வகை நாயகர்கள், வகைக்கு எட்டுப் பேர் என்று வைத்தால் பதினாறு முகங்கள், பதினாறு கதைகள். ஒவ்வொரு முகத்துக்கும் கிடைப்பது 58க்கு 64 பிக்சல்.

இதெல்லாம் வரைகிற வேலை. நிரல் வேலை இன்னும் கொடூரம். இந்த விளையாட்டின் விரிவாக்கங்களுடைய மூல நிரல் ரசிகர்கள் கையில் இல்லை. யூபிசாஃப்ட் 2015இல் புதுப்பித்த ‘எச்டி’ பதிப்பை வெளியிட்டபோது அவர்களாலேயே விரிவாக்கங்களைச் சேர்க்க முடியவில்லை. அவற்றின் மூல நிரல் தொலைந்துவிட்டதாகச் சொன்னார்கள். உரிமையாளரிடமே இல்லாததை ரசிகன் எங்கே தேடுவான்? ஆகவே முடிந்துபோன நிரலைப் பிரித்து, இயந்திரக் கட்டளைகளைப் படித்து, எங்கே வெட்டினால் எங்கே ரத்தம் வரும் என்று தெரிந்துகொண்டு ஒட்டுப்போட வேண்டும். நகரங்கள் ஒன்பதுதான் என்று அந்த நிரல் உறுதியாக நம்புகிறது. அந்த நம்பிக்கை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம் போய், ‘பத்தாவது ஒருவர் வந்திருக்கிறார் சாமி’ என்று சொல்ல வேண்டும். ஓர் இடத்தில் சொல்ல மறந்தாலும் விளையாட்டு தொப்பென்று விழும்.

கடைசியில் பேலன்ஸ். இங்கே ஆடுபவர்களே தராசு. இணையத்தில் மோதுகிறவர்கள் யாருக்கு எந்த நகரம் என்பதை ஏலம் விட்டுத் தீர்மானிக்கிறார்கள்: அந்த நகரம் எனக்கு வேண்டும், அதற்காகத் தொடக்கத் தங்கத்தில் இவ்வளவு விட்டுத் தருகிறேன் என்று. எந்த நகரத்துக்கு ஏலம் எகிறுகிறதோ அது தேவைக்கு மேல் பலசாலி. சீந்துவாரில்லாமல் கிடப்பது நோஞ்சான். குழு இதையெல்லாம் கவனித்து அடுத்த பதிப்பில் புதியவர்கள் மேல் மட்டுமல்ல, 1999இன் பழைய பெருந்தலைகள் மேலும் கை வைக்கிறது. சுடுகாட்டுக்காரர்கள் பிணங்களிலிருந்து எலும்புக்கூடுகளை எழுப்பும் கலையின் பலனை வெட்டினார்கள். பழைய ரசிகர்கள் சிலர் புலம்பினார்கள். சரியான முடிவு, அந்த எலும்புக்கூட்டுப் படைகளிடம் அடிவாங்கிய யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

எனக்கும் குறை இல்லாமல் இல்லை. ஃபேக்டரியில் ஹாஃப்லிங், பாலைவனப் புழு, கௌபாய், இறகுப் பாம்பு என்று பல திசைச் சரக்கு ஒரே கூடையில் கிடக்கிறது. கோவுக்கு இருக்கும் ஒரே உப்புக்காற்று வாசனை இதில் இல்லை. வடிவமைப்பாக எடுத்துக்கொண்டால் கோவ்தான் என் கட்சி. கொண்டாட்டமாக எடுத்துக்கொண்டால் ஃபேக்டரி.

ஆடிப் பார்க்க ஆசை வந்துவிட்டதா? ஹோட்டா இலவசம். ஆனால் அதை ஏற்ற மூல விளையாட்டு வேண்டும். வாங்கும்போது விரிவாக்கங்கள் இரண்டும் சேர்ந்த ‘கம்ப்ளீட்’ பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். படம் பளிச்சென்று இருக்கிறதே என்று யூபிசாஃப்டின் ‘எச்டி’ பதிப்பை வாங்கிவிடாதீர்கள். அதில் ஹோட்டா ஓடாது.